கைமாற்று: எழுதி வைத்தால் என்ன குறை?

ஜனாஸா தொழுகைக்கு ஸஃப் கட்டி நிற்கிறோம். இமாம் தக்பீர் சொல்லுமுன் மையித்தின் மகனோ தம்பியோ முன்னால் வந்து நிற்பார். "எங்க அத்தா யாருக்காவது பணம் தர வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பு. யார் மனதையாவது நோகடித்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள்" என்பார். எல்லோரும் தலைகுனிந்து நிற்போம். அந்த இடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

பத்து நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார்கள். "உங்க அத்தா என்கிட்ட முப்பதாயிரம் கைமாத்து வாங்கியிருந்தார் தம்பி. எழுத்து ஒண்ணும் இல்ல, எங்களுக்குள்ள அதெல்லாம் கிடையாது." வந்தவர் அத்தாவுடன் இருபது வருடம் பழகியவர். மகனுக்கு என்ன செய்வதென்று தெரியாது. ஒப்புக்கொண்டால் அம்மாவுக்கும் தங்கைக்கும் சேர வேண்டிய பங்கு குறைகிறது. மறுத்துவிட்டு, அது உண்மையாக இருந்தால், அத்தாவின் தலையில் பாரம். "ஆமாம், வாங்கினேன்" என்றோ "அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேனே" என்றோ சொல்லக்கூடிய ஒரே ஆளை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

கைமாற்று கெட்டது என்று சொல்ல வரவில்லை. வட்டியில்லாமல், தயங்காமல், கேட்ட மாத்திரத்தில் கொடுப்பதற்கு இன்னும் நம்மிடையே ஆட்கள் இருப்பது அல்லாஹ்வின் கிருபை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நம் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. தண்ணீர் புகுந்த கடைக்குச் சரக்கு வாங்கவும், நின்றுபோன வண்டியைச் சரிசெய்யவும் அது எந்த மூலைக்கு? அந்த மாதங்களில் வாரவட்டிக்காரரிடம் போகாமல் பல குடும்பங்களைக் காப்பாற்றியது மச்சானும் பக்கத்துக் கடை பாயும் கொடுத்த கைமாற்றுதான். கொடுத்ததில் குறை இல்லை. குறை, எழுதாமல் விட்டதில்.

திருக்குர்ஆனில் மிக நீளமான ஆயத்து எது? தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. கடனை எழுதி வைப்பது பற்றியது. சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம். முஸ்ஹஃபின் சில அச்சுகளில் அது ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. அதில் சொல்லப்படும் விஷயங்களைக் கவனித்தால் வக்கீல் ஆபீசில் உட்கார்ந்தது போல இருக்கும். தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுபவர் நியாயமாக எழுத வேண்டும். சாட்சிகள் வேண்டும். தொகை சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படையக் கூடாது. எழுதுவதால் சந்தேகம் விலகும் என்று காரணமும் சொல்லப்படுகிறது. எழுதியவருக்கோ சாட்சிக்கோ இதனால் தொல்லை வரக் கூடாது என்பதுகூட அதில் இருக்கிறது.

நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விடுகிற இடம் ஒன்று உண்டு. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கொடுத்தவர் அல்ல, வாங்கியவர். கொடுத்தவர் தன் டைரியில் தானே எழுதிக்கொள்வது வேறு; வாங்கியவர் தன் வாயால் "இவ்வளவு வாங்கினேன், இன்ன நாளில் தருவேன்" என்று சொல்லி எழுதுவது வேறு. பின்னதில் வாங்கியவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. பத்தாயிரம் வாங்கியவரிடம் பிற்காலத்தில் யாரும் பதினைந்து என்று சொல்ல முடியாது.

இதற்கு வரும் முதல் ஆட்சேபணை நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: "எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாதா? சொந்த அண்ணன்கிட்ட எப்படிக் கேக்குறது?" அண்ணனிடம் கேட்க வேண்டாம். வாங்குகிற அண்ணன் தானாக எழுதிக் கொடுக்கட்டும். வழக்கம் அங்கிருந்து தொடங்கினால் யார் மனமும் நோகாது. ஆயத்தும் பொறுப்பை அங்கேதான் வைத்திருக்கிறது. எழுதுவது கட்டாயமல்ல, வலியுறுத்தப்பட்ட நல்ல வழி என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. என்றாலும் அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதற்கு எழுதிய காகிதம் காரணமாக இருந்ததை நான் பார்த்ததில்லை. எழுதாமல் விட்டது காரணமாக இருந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன எழுதுவது? நாலு வரி போதும். "இன்ன தேதியில், இன்னாரிடம், ரூ. 30,000 (முப்பதாயிரம் மட்டும்) வட்டியில்லாக் கடனாகப் பெற்றுக்கொண்டேன். இன்ன தேதிக்குள் திருப்பித் தருவேன்." கையெழுத்து, இரண்டு சாட்சிகள். "கையில வந்ததும் தர்றேன்" என்பது தவணை ஆகாது. தள்ளிப்போட வேண்டி வந்தால் அதே காகிதத்தில் புதுத் தேதியை எழுதிக்கொள்ளலாம்.

புரோநோட்டாக எழுதினால் இன்னும் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் கையெழுத்து விழ வேண்டும். ஸ்டாம்பு ஒட்டாத புரோநோட்டை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. மற்றப் பத்திரங்களைப் போல அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளவும் வழியில்லை. கடையில் விற்கும் அச்சடித்த நோட்டில் வட்டிக்கென்று ஒரு இடம் விட்டிருப்பார்கள். நமக்குத்தான் வட்டி வேண்டாமே என்று அதைக் காலியாக விடுவது தவறு. வட்டி விகிதம் குறிப்பிடாத நோட்டுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு கணக்கிடச் சொல்கிறது. அந்த இடத்தை அடித்துவிட்டு "வட்டியில்லை" என்று எழுதுங்கள்.

எதுவும் நிரப்பாத நோட்டில் மட்டும் யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுத்தாளில் கையெழுத்திட்டால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகவே சட்டம் பார்க்கிறது. வாரவட்டிக்காரர்கள் கேட்பது அதைத்தான். பணத்தை அடைத்ததும் நோட்டைக் கையோடு திரும்ப வாங்கிக் கிழித்துவிடுவது, பாதி அடைத்தால் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவது, இரண்டும் மறக்கக் கூடாதவை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவரைக் கடனுக்கு ஜாமீன்தாரர் என்று நினைத்து அவர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடுபவர்களும் உண்டு. சாட்சி வேறு, ஜாமீன் வேறு.

20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடன் என்றால் ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். வங்கி வழியாகவே போகட்டும். ஆனால் செல்போனில் பணம் அனுப்பியதே ஆதாரம் என்று இருந்துவிடாதீர்கள். பணம் போனதை அது காட்டும். கடனா, அன்பளிப்பா, பழைய பாக்கியா என்று காட்டாது. அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் "கைமாற்று" என்று ஒரு வார்த்தை போட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, காலக்கெடு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை குறிக்காத கைமாற்றைக் கேட்டு வழக்குப் போடக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான். அதற்குள் வாங்கியவர் "தர வேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடும். புயலுக்குப் பிறகு 2024 டிசம்பரில் கொடுத்த கைமாற்றுகளுக்கு 2027 டிசம்பர் கடைசி. வழக்குப் போடுங்கள் என்று தூண்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாங்கியவர்கள் இப்போதே போய் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால், கொடுத்தவர் நெருக்கவும் வேண்டியிருக்காது. மூன்று ஆண்டு கடந்தால் நீதிமன்றக் கதவு மூடும், அவ்வளவே. மார்க்கத்தில் கடனுக்குக் காலாவதி கிடையாது. ஷஹீதுக்கும் கடனைத் தவிர மற்ற பாவங்களே மன்னிக்கப்படும் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

இதுவரை வெளியே வாங்கிய கடன். வீட்டுக்குள் வாங்கியதைக் கடன் என்றே நாம் நினைப்பதில்லை. மனைவியின் நகையைச் சொல்கிறேன்.

கடை போடுவதற்கு, வெளிநாடு போக ஏஜெண்டுக்குக் கட்டுவதற்கு, தங்கை கல்யாணத்துக்கு என்று மனைவியின் கழுத்திலிருந்து கழற்றியது எத்தனை வீடுகளில் திரும்பிப் போயிருக்கிறது? தாய்வீட்டில் போட்ட நகையும், மஹராகக் கொடுத்த நகையும் அவருடைய சொத்து. அவர் மனமுவந்து "உங்களுக்கே தந்துவிட்டேன்" என்று சொன்னால் தவிர, வாங்கியது கடன்தான். அடகு வைத்திருந்தால் மீட்டுத் தருவது கணவர் பொறுப்பு. விற்றிருந்தால் எடைக்கு எடை திருப்பித் தர வேண்டும் என்பதே பொதுவாக உலமாக்கள் சொல்லும் சட்டம். 2005-இல் ஒரு பவுன் ஐயாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. 2025 அக்டோபரில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. அன்று ஐந்து பவுனை விற்றவர், இன்று இருபத்தைந்தாயிரத்தை எண்ணி வைத்து "அன்னைக்கு வாங்கினது இவ்வளவுதான்" என்றால் அது என்ன நியாயம்? எனவே எழுதும்போது ரூபாயை எழுதாமல் கிராமை எழுதுங்கள்: "இரண்டு வளையல், ஒரு நெக்லஸ், மொத்தம் 40 கிராம்." கொடுக்காமல் நின்றுபோன மஹரும் இதே கணக்கில் சேரும். கணவர் மவுத்தானால் மனைவி பிள்ளைகளோடு எட்டில் ஒரு பங்குக்கு மட்டும் நிற்பவர் அல்ல. அதற்கு முன்பே அந்த மஹருக்கும் நகைக்கும் கடன் கொடுத்தவராகவும் நிற்கிறார். இதை ஜமாஅத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல், அடகுச் சீட்டு யார் பெயரில் என்று தேடிக்கொண்டிருக்கும் விதவைகள் நம் ஊரிலும் உண்டு.

மவுத்துக்குப் பிறகான வரிசை தெளிவானது. முதலில் கஃபன், அடக்கச் செலவு. அடுத்து கடன். பிறகு வஸிய்யத் இருந்தால் மூன்றில் ஒன்றுக்குள். அதற்கும் பிறகுதான் வாரிசுப் பங்கு. சூரத்துன்னிஸாவின் 11, 12 ஆகிய இரண்டு வசனங்களுக்குள் "வஸிய்யத்தும் கடனும் போக" என்ற பொருள் நான்கு முறை திரும்ப வருகிறது. அத்தா விட்டுச்சென்ற சொத்து வரைக்கும்தான் வாரிசுகளின் கட்டாயம். சொத்தே இல்லை என்றால் மகன் தன் சம்பளத்திலிருந்து அடைத்தாக வேண்டும் என்பதில்லை, அடைத்தால் பெரும் நன்மை. ஆனால் ஜனாஸாவில் நின்று "நான் பொறுப்பு" என்று சொல்வது வெறும் சம்பிரதாயமல்ல. இரண்டு தீனார் கடன் இருந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தொழ வைக்காமல் நின்றபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். பிறகே தொழுகை நடந்தது. மறுநாள் அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று நபியவர்கள் விசாரித்ததாகவும் அறிவிப்பு உண்டு.

ஸுபைர் (ரலி) அவர்களின் கதை ஸஹீஹ் புகாரியில் விரிவாக இருக்கிறது. மக்கள் அவரிடம் பணத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். "அமானிதமாக வேண்டாம், கடனாகத் தாருங்கள், தொலைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்" என்ற கருத்தில் மறுப்பார். அமானிதம் தொலைந்தால் ஈடு கட்ட வேண்டியதில்லை, கடன் தொலைந்தாலும் கட்ட வேண்டும். கொடுத்தவர் நஷ்டப்படக் கூடாது என்பது அவர் எண்ணம். ஹிஜ்ரி 36-இல் ஜமல் போர் நாளில் மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தன் கடனை அடைக்கச் சொன்னார். கணக்குப் பார்த்தால் 22 லட்சம். மகன் நிலத்தை விற்று அடைத்தார். சகோதரர்கள் பங்கு கேட்டபோது, நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் "ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர்கள் எங்களிடம் வாருங்கள்" என்று அறிவித்த பிறகே பிரித்துக் கொடுத்தார். நாம் ஒருமுறை ஜனாஸாவில் அறிவித்துவிட்டு நாற்பதாம் நாளுக்குள் பீரோவைத் திறந்துவிடுகிறோம்.

உண்மையிலேயே அடைக்க முடியாதவர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். அவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுப்பது கடன் கொடுத்தவர் மீதுள்ள கட்டளை. விட்டுக்கொடுத்தால் அது தர்மம் (2:280). கடனில் மூழ்கியவர் ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் ஒருவர். இது தெரியாமல் கூச்சப்பட்டு, ஒரு வட்டிக் கடனை அடைக்க இன்னொரு வட்டிக் கடன் வாங்குகிறார்கள். ஜமாஅத் நிர்வாகிகளிடமோ நம் அறக்கட்டளையிலோ வந்து சொல்லலாம். பெயர் வெளியே வராது. வசதி இருந்தும் இழுத்தடிப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை அநியாயம் என்றே ஹதீஸ் சொல்கிறது.

அத்தாவின் பழைய நோட்டில் ஒரு மளிகைக் கடை பாக்கி 800 ரூபாய் இருக்கிறது, கடையும் இல்லை, கடைக்காரர் எங்கே போனார் என்றும் தெரியவில்லை, என்ன செய்வது என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். முதலில் விசாரியுங்கள், அக்கம்பக்கத்தில் யாருக்காவது அவர் பிள்ளைகளைத் தெரிந்திருக்கும். எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால் அந்தக் கடைக்காரர் பெயரில் 800 ரூபாயைத் தர்மம் செய்துவிடலாம். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் இதே முறைதான். பிறகு எப்போதாவது அவரோ பிள்ளைகளோ வந்து, தர்மம் கொடுத்ததை ஒப்புக்கொள்ளாமல் பணத்தைக் கேட்டால், மறுபடியும் கொடுத்தாக வேண்டும். அதனால் அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.