எல்.கே.ஜி. பாடமும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன், எல்.கே.ஜி. குழந்தைக்கு என்ன போட்டுத் தரலாம் என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். முதலில் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அ முதல் ஃ வரை எழுத்துகள், ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், வண்ணங்கள், வட்டம், சதுரம் போன்ற வடிவங்கள். அவ்வளவுதான். இதற்காக விலை கொடுத்து சாப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. 2002ல் பில் கென்ட்ரிக் உருவாக்கிய டக்ஸ் பெயின்ட் இலவசமாகவே கிடைக்கிறது.

இன்ஸ்டால் செய்து அப்படியே குழந்தையிடம் தந்துவிடாதீர்கள். உடன் வரும் கான்பிக் புரோகிராமைத் திறந்து, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். திரை முழுவதும் தெரியும்படி அமைத்து, பிரிண்ட், குவிட் இரண்டையும் முடக்கிவிடுங்கள். பேப்பரும் இங்க்கும் மிச்சமாகும்.

இனி வடிவங்கள். நீளமாக ஒரு செவ்வகம், அடியில் வட்டங்கள் போடச் சொல்லுங்கள். திருவொற்றியூர்ப் பிள்ளைகள் தினமும் சாலையில் பார்க்கும் கண்டெய்னர் லாரி வந்துவிடும். எத்தனை சக்கரம் என்று கேளுங்கள். எண் பாடமும் ஆயிற்று.

ஆனால் எழுத்தை மவுஸில் பழக்க வேண்டாம். "அ"வின் சுழியை விரல் பழகுவது சிலேட்டிலும் அரிசி பரப்பிய தட்டிலும்தான்.

மூன்று, நான்கு வயதினர் திரை முன் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நேரம் முடிந்ததும் ஆல்ட் கீயுடன் எப்4 அழுத்தி மூடலாம். அதற்கு முன் படத்தை சேவ் செய்திடுங்கள். இல்லாவிட்டால் வரும் அழுகைக்கு நான் பொறுப்பல்ல!