தளம் விழுந்தால் யார் சொல்வது?

ராயப்பேட்டையில் எங்கள் அடுக்ககத்துக்காக ஒரு சின்ன இணையதளம் நடத்துகிறேன். தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும், மோட்டார் எப்போ போடுவாங்க, லிஃப்ட் ஓடுதா, இவ்வளவுதான் அதில் இருக்கும். ரிச்சி தெருவில் வாங்கிய ராஸ்பெர்ரி பை ஒன்றில், வீட்டிலேயே ஓடுகிறது.

போன கோடையில் ஒரு சாயங்காலம் மாடி வீட்டு அம்மா பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, காலையில உன் பக்கம் தொறக்கவே இல்ல. லாரி வந்துட்டுப் போயிடுச்சு, ஒரு குடம்கூடப் பிடிக்கல." நான் போனை எடுத்து நிலைப் பக்கத்தைப் பார்த்தேன். முழுக்கப் பச்சை, 100%. "இல்லம்மா, எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு" என்று சொல்லியும் விட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. என் பச்சைக் கோடும் பொய் சொல்லவில்லை. அது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

நான் வைத்திருந்தது அப்டைம் குமா. ஹாங்காங்கைச் சேர்ந்த லூயிஸ் லாம் 2021இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். டாக்கர் தெரிந்தால் பத்து நிமிடத்தில் நிறுவிவிடலாம். இது செய்யும் வேலை ரொம்ப எளிமையானது. 60 விநாடிக்கு ஒரு முறை உங்கள் தளத்தின் கதவைத் தட்டும். 200 என்று பதில் வந்தால் பச்சை. வராவிட்டால், நீங்கள் சொன்ன தடவை மறுபடி தட்டிப் பார்த்துவிட்டுச் சிவப்பு. டெலிகிராமிலோ மின்னஞ்சலிலோ உங்களுக்குத் தகவல் அனுப்பும். எல்லாரும் பார்க்கிற மாதிரி நிலைப் பக்கம் ஒன்றும் போட்டுக் கொடுக்கும்.

இதுல என்ன சிக்கல்னா, என் குமாவும் அதே பையில்தான் ஓடியது. அன்று காலை தெருவில் பள்ளம் தோண்டியபோது இணைய ஒயர் அறுந்து, மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஒட்டினார்கள். வெளியிலிருந்து யாராலும் தளத்துக்கு வர முடியவில்லை. குமாவோ வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வீட்டுக்குள்ளேயே தட்டியது. ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. சிவப்பே ஆகியிருந்தாலும் எனக்குச் செய்தி அனுப்ப இணையம் இருந்திருக்காது.

கரண்ட் போனால் கதை இன்னும் மோசம். தளத்தோடு குமாவும் தூங்கிவிடும், அந்த நேரத்துக்குப் பதிவே இருக்காது. பதிவு இல்லாத நேரம் 'விழுந்த' நேரமாகக் கணக்கில் வராது. எங்கள் மணிக்கூண்டு மாதிரி எந்தப் பெரிய கடிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது நின்றுபோனாலும் முள் ஏதோ ஒரு மணியைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால் நிலைப் பக்கத்தில் நிறத்தைவிட முக்கியம், கடைசியாக எப்போது சோதித்தது என்ற நேரம்.

இந்தத் தப்பு நான் மட்டும் செய்ததில்லை. 2017 பிப்ரவரி 28 அன்று, தவறாகத் தட்டச்சான ஒரு கட்டளையால் அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை சில மணி நேரம் முடங்கியது. அமேசானின் நிலைப் பக்கத்தை மாற்றும் கருவியும் அதே எஸ்3ஐ நம்பியிருந்தது. அதனால் சேவைகளின் நிலையை வெகுநேரம் மாற்ற முடியாமல், ட்விட்டரில் சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, காவல்காரனை வெளியே நிறுத்துவோம். எவ்வளவு வெளியே? அப்டைம் என்றே ஒலிக்கும் பெயரில் இன்னொரு கட்டற்ற கருவி உண்டு. ஆனந்த் சௌத்ரி உருவாக்கியது. அது கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஓடி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சோதிக்கும் (சில சமயம் தாமதமாகும்). விழுந்தால் தானே ஒரு இஷ்யூ திறக்கும், எழுந்தால் மூடும். நிலைப் பக்கமும் கிட்ஹப்பிலேயே இருக்கும். ஆனால் அது தட்டுவது கடல் தாண்டி. 2016 டிசம்பர் வர்தா புயலின்போது கடலடிக் கேபிள் பாதிக்கப்பட்டு இணையம் மந்தமானது சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் வெளிநாட்டிலிருந்து பார்த்தால் தளம் விழுந்த மாதிரி தெரியும். மாடி வீட்டு அம்மாவுக்கு அது திறக்கும்.

அதனால் இப்போது இரண்டு காவல்காரர்கள். ஒன்று கிட்ஹப்பில். இன்னொன்று மதுரையில் மச்சான் வீட்டுப் பழைய லேப்டாப்பில் ஓடும் குமா. இரண்டுமே சிவப்பு என்றால் நிஜமாகவே விழுந்திருக்கிறது. கிட்ஹப் மட்டும் சிவப்பு என்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பேன். மச்சானின் தளத்தை என் குமா பார்த்துக்கொள்கிறது.

கூடவே ஒரு மாற்றம். வெறும் 200 வந்தால் போதாது, பக்கத்தில் இன்றைய தேதி இருக்கிறதா என்றும் கிட்ஹப்பில் சோதிக்க வைத்தேன். நேற்றைய லாரி நேரத்தைக் காட்டும் பக்கம் உயிரோடு இருந்து என்ன பயன்?

கடைசியாக, சதவீதம். மூன்று மணி நேரம் என்பது 30 நாளில் 99.58%. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணி வந்தது அந்த மூன்று மணி நேரத்தில்தான். அதனால் லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறேன்: பக்கம் திறக்காவிட்டால் கூப்பிட வேண்டிய என் நம்பர். போன மாதம் ஒரு தடவை அந்த அழைப்பு வந்தது. அதற்கு நான்கு நிமிடம் முன்னாடியே மதுரைக் குமா சொல்லிவிட்டது. நான் செக்யூரிட்டி அண்ணனிடம் சொல்லி லாரி நேரத்தைக் கரும்பலகையில் எழுத வைத்திருந்தேன்.