சோம்பல் அல்ல, சுரப்பிக் கோளாறு!

(நமது மும்பை நிருபர்)

“எந்நேரமும் படுக்கைதான். சம்பாதித்துப் போட ஆள் இருக்கும்போது உடம்பு ஏன் வளையப் போகிறது?” தாராவியானாலும் சரி, முலுண்டு ஆனாலும் சரி, நம்மவர் குடியிருப்புகளில் யாரோ ஒரு பெண்ணைப் பற்றி இப்படிப் பேசுவதைக் கேட்காதவர் குறைவு. அந்தப் பெண்ணுக்குத் தலைமுடி கொட்டுகிறது. மலச்சிக்கல் படுத்துகிறது. குரல் கரகரக்கிறது. சாப்பாடு குறைந்தும் எடை கூடுகிறது. மே மாதப் புழுக்கத்திலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறாள். இவ்வளவுக்கும் வீட்டார் வைத்திருக்கும் பெயர் ‘சோம்பல்’.

ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தால் சிலருக்கு வேறு பெயர் வரும். அதுதான் ‘ஹாஷிமோட்டோ’ நோய். தைராய்டு சுரப்பியை மெல்ல மெல்லப் பழுதாக்கும் நோய் இது. ஆண்களுக்கும் வரும் என்றாலும் பெண்களுக்கே பல மடங்கு அதிகம். தொற்று நோய் அல்ல. ஆனால் குடும்ப வழியில் வரக்கூடியது.

காவலாளியே கை வைத்தால்...

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தாற்போல இருப்பது தைராய்டு சுரப்பி. எடை 20 கிராம் அளவுதான். ஆனால் இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், குடல் எப்படி இயங்க வேண்டும், உடம்பில் எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்பதெல்லாம் இது சுரக்கும் தைராக்ஸின் என்ற பொருளைப் பொறுத்தவை.

நம் உடம்பில் நோய்க் கிருமிகளை எதிர்க்க ஒரு காவல் படை இருக்கிறது. அந்தக் காவலாளி, வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து அடிக்கத் தொடங்கினால் எப்படி இருக்கும்? ஹாஷிமோட்டோ நோயில் நடப்பது அதுதான். எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சுரப்பியையே தாக்குகிறது. சிலருக்குக் கழுத்து வீங்கும்; சிலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது.

இதை முதலில் விவரித்தவர் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர். 1912-ம் ஆண்டில், நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து எழுதினார். பிறகு சொந்த ஊருக்கே திரும்பி வைத்தியம் பார்த்தார். 1934-ல் டைபாய்டு காய்ச்சலில் காலமானார். உடம்பு தன்னையே தாக்குவதுதான் காரணம் என்பது 1956-ல்தான் தெரிய வந்தது. தன் பெயர் உலகமெங்கும் வழங்கப் போவதை அவர் அறியாமலே போய்விட்டார்.

மெமோ மேல் மெமோ

பரிசோதனைச் சீட்டில் ‘டி.எஸ்.எச்.’ என்று இருக்கும். சாதாரணமாக இது சுமார் 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்துக்குக் கூடம் சிறிது மாறும். இந்த எண் கூடினால் சுரப்பி அதிகமாக வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் நேர்மாறானது.

குமாஸ்தாக்களுக்கு இது எளிதில் புரியும். கிளை அலுவலகம் கணக்கை அனுப்பாவிட்டால் தலைமை அலுவலகம் என்ன செய்யும்? மெமோ அனுப்பும். பதில் இல்லையென்றால் மெமோ மேல் மெமோ பறக்கும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் மெமோதான் டி.எஸ்.எச். மெமோ கூடக்கூட, கிளையில் வேலை நடக்கவில்லை என்று பொருள். கூடவே ‘டி.பி.ஓ. எதிர்ப்பொருள்’ பரிசோதனையும் செய்தால் காவலாளியின் கைவரிசைதானா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நண்பர் வீட்டு அனுபவம்

அலுவலக நண்பர் ஒருவரின் மனைவி. இரண்டாவது குழந்தைக்குப் பிறகு இந்நோய் கண்டது. மாத்திரை சாப்பிட்டு இரண்டு மாதத்தில் பழையபடி நடமாடினார். கோடை விடுமுறைக்கு நெல்லைப் பக்கம் ஊருக்குப் போனவர், மாத்திரையை நிறுத்திவிட்டார்.

“நல்லாத்தான இருக்கோம், இனி எதுக்கு மாத்திரைன்னு நெனச்சுட்டேன் அண்ணாச்சி. பதினஞ்சு நாள் ஒண்ணுமே தெரியல. அப்புறம் மாடிப்படி ஏற முடியல” என்றார் அவர்.

இந்நோயில் ஏமாற்றும் இடம் இதுதான். உடம்பில் உள்ள தைராக்ஸின் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். ஆகவே மாத்திரையை நிறுத்திய மறுநாள் எதுவும் தெரியாது. ‘பார்த்தாயா, மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்’ என்று தோன்றும். களைப்பு வாரக் கணக்கில் மெல்லத் திரும்பும். அப்போது அதற்குக் காரணம் மாத்திரையை விட்டதுதான் என்று யாருக்கும் தோன்றாது. மீண்டும் ‘சோம்பல்’ என்ற பழைய பெயரே வரும்.

மருந்து வேலை செய்வதும் இதே வேகத்தில்தான். ஆரம்பித்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே ரத்தத்தை மறுபடி பார்த்து அளவைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். பத்து நாளில் பலன் இல்லையென்று டாக்டரை மாற்றுவது வீண் செலவு.

அடிமையாகி விடுவோமா?

“ஒரு முறை தொடங்கினால் ஆயுசு முழுவதும் சாப்பிட வேண்டுமாமே” என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலோர் தொடர்ந்து சாப்பிட வேண்டியதுதான். ஆனால் அது அடிமைத்தனம் அல்ல. சுரப்பி தராததை மாத்திரை தருகிறது, அவ்வளவே.

1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு குறைந்திருந்த 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அந்தப் பெண்மணி அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்து, 74-ம் வயதில்தான் காலமானார். இன்று ஆட்டைத் தேட வேண்டியதில்லை. ஒரு சிறு மாத்திரை போதும். அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் அது இருக்கிறது.

மின்சார ரயில் பெட்டிகளில் ‘நிரந்தர குணம்’ என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை நம்பி இந்த மாத்திரையை விட்டுவிடக் கூடாது. உடல் இளைப்பதற்காக மற்றவர்கள் இதைச் சாப்பிடுவதும் ஆபத்து. அளவு மீறினால் நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும்.

எப்படிச் சாப்பிட வேண்டும்?

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் டீ, காபி, பலகாரம் எதுவும் கூடாது. விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் பிடிக்க எழுகிறவர்கள் அப்போதே மாத்திரையைப் போட்டுக்கொண்டால், குடம் நிரப்பி முடிப்பதற்குள் டீ வேளை வந்துவிடும். இரவு ஷிப்டுக்காரர்கள் டாக்டரிடம் கேட்டு, கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடலாம். எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரமாக இருக்க வேண்டும்.

இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். ஊருக்குப் புறப்படும்போது, தங்கும் நாட்களுக்கு மேல் பத்து நாள் மாத்திரை அதிகமாகக் கையில் இருக்கட்டும். பெட்டியோடு போட்டுவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு

கரு உண்டானது தெரிந்ததும் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸினே ஆதாரம். பெரும்பாலும் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். “பிள்ளைக்கு ஆகாது” என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்துவதுதான் பிள்ளைக்கு ஆகாது.

உப்பும் முட்டைக்கோஸும்

இமயமலை அடிவாரத்தில் அயோடின் குறைவால் கழலை நோய் பரவியிருந்தது. காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் 1956 முதல் செய்த ஆராய்ச்சியில், அயோடின் கலந்த உப்பு அதைக் குறைப்பது நிரூபணமானது. அது வேறு, ஹாஷிமோட்டோ வேறு. வீட்டில் வழக்கமான அயோடின் உப்பே போதும். அதற்கு மேல் அயோடின் மாத்திரை, கடற்பாசிப் பொடி என்று சேர்த்தால் நோய் கூடவும் கூடும். முட்டைக்கோஸ், காலிபிளவரை வேகவைத்து அளவோடு உண்பதில் தவறில்லை.

மாத்திரை தருவது டாக்டர் வேலை. அதை விடாமல் சாப்பிட வைப்பது வீட்டார் வேலை. உங்கள் வீட்டில் யாராவது காரணமில்லாமல் மாதக் கணக்கில் களைத்துக் கிடந்தால், ஏசுவதற்கு முன் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஒரு டி.எஸ்.எச். பரிசோதனை செய்து பாருங்கள்.