அம்புக்குறியை நம்பாதீங்க

சிங்கவரம் அருகே திருநாதர் குன்றில், 57 நாள் நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, வண்டிப்பாதை ஓரம் ஒரு உடைந்த சிற்பக்கல் கண்ணில் பட்டது. பக்கத்திலேயே காரை நிறுத்தி, நேவிகேஷன் திரை காட்டிய இடத்தைக் குறித்து நண்பருக்கு அனுப்பினேன். பாவம், தார்ச்சாலை ஓரமாகவே அரைநாள் தேடியிருக்கிறார்.

தப்பு என்னுடையதுதான். வரைபடத்தில் இல்லாத பாதையில் நின்றாலும், நேவிகேஷன் நம்மை அருகிலுள்ள சாலையில் ஒட்டவைத்துக் காட்டும். சிக்னல் போனாலும் சக்கர வேகத்தையும் திரும்பிய கோணத்தையும் வைத்து அம்புக்குறியை நகர்த்தும் கார்களும் உண்டு.

பல மாடல்களில் ஒரு சோதனைத்திரை ஒளிந்திருக்கிறது. திறக்கும் முறை மாடலுக்கு மாடல் வேறு. அதில் பார்க்க வேண்டியவை:

1. செயற்கைக்கோள்கள்: முப்பரிமாண இடத்துக்கு மூன்று, கடிகாரப் பிழைக்கு ஒன்று. ஆக, குறைந்தது 4.
2. எச்டிஓபி: 2-க்குக் கீழே இருந்தால் நல்லது. பாறையடியில் பாதி வானம் மறைவதால் இது ஏறும். சற்று விலகி நில்லுங்கள்.
3. அலகு: 12 பாகை 15 கலை என்பது 12.25, 12.15 அல்ல. வித்தியாசம் 11 கிலோமீட்டர்!

பாருங்கள், குறியுங்கள். ரீசெட்டை மட்டும் தொடாதீர்கள். அடுத்த வாரம் அந்தக் கல்லை மறுபடி குறிக்கப் போகிறேன், அது அங்கேயே இருந்தால்.