பூச்சிகளின் ஒளிக்காலத்துவம்

ஒளிக்காலத்துவம் என்பது பகலிரவின் நீளத்தை உணர்ந்து உயிரினங்கள் தம் வளர்ச்சியை மாற்றிக்கொள்ளும் பண்பாகும். குளிர்நாடுகளில் பூச்சிகளும் சிலந்திப்பேன்களும் குளிர்காலம் வருமுன்பே இதன் மூலம் அதை அறிந்து, வளர்ச்சியை நிறுத்தி உறக்கநிலைக்குச் செல்கின்றன.

அளக்கும் முறை

இவற்றில் பல அளப்பது பகலை அன்று, இரவையே. நீண்ட இரவின் இடையே சிறிது நேரம் விளக்கேற்றினால், அவை அதைக் குறுகிய இரவாகவே எடுத்துக்கொள்கின்றன. 'மெகூரா விசியே' என்னும் அசுவினி கோடையில் இணைசேராமலே குட்டி ஈனும். இரவு ஏறத்தாழ 9½ மணி நேரத்தைத் தாண்டினால், முட்டையிடும் தலைமுறையை உருவாக்கும். அம்முட்டைகளே குளிர்காலத்தைக் கடக்கின்றன.

இக்கடிகாரம் எத்தகையது என்பதில் இரு கருத்துகள் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு மாலையும் புதிதாகத் திருப்பப்படும் மணற்கடிகாரம் போன்றது. மற்றொன்று, ஏறத்தாழ ஒரு நாள் சுழற்சியில் தானே இயங்கும் உயிரியல் கடிகாரம். இதை எர்வின் பியூனிங் 1936இல் முன்வைத்தார். இரண்டையும் பிரித்தறிய உதவுவது நந்தா–ஹாம்னர் சோதனை. இந்தியத் தாவரவியலாளர் நந்தா, ஹாம்னருடன் 1958இல் சோயா மொச்சையில் இதைச் செய்தார். ஒளிநேரத்தை மாற்றாமல் இருளை மட்டும் நீட்டிக்கொண்டே போகும்போது, விளைவு சீரான இடைவெளியில் கூடிக் குறைந்தால் அது சுழலும் கடிகாரம். சிலந்திப்பேனில் அவ்வாறு கூடிக் குறைந்தது. மெகூராவில் அது காணப்படவில்லை.

இடத்துக்கேற்ற கடிகாரம்

விழுப்புரமும் திண்டிவனமும் ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் உள்ளன. இங்கு சூன் மாத மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 50 நிமிடம். திசம்பர் மாத மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 25 நிமிடம். மிகக் குறுகிய இரவும் 11 மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதால், மெகூராவின் கடிகாரம் இங்கு ஆண்டு முழுவதும் குளிர்காலம் வருவதாகவே காட்டும். அதனால், பரந்து வாழும் ஓரினத்தின் கடிகாரமும் அகலாங்குக்கு ஏற்ப வேறுபடுகிறது.

இப்பகுதியில் மல்லாட்டை எனப்படும் மானாவாரி நிலக்கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப்புழு கடக்க வேண்டியது குளிரை அன்று, வறட்சியை. அதன் கூட்டுப்புழு பல மாதங்கள் மண்ணுக்குள் உறங்கும். மழைக்குப் பின் அந்துப்பூச்சிகள் கூட்டமாக வெளிவரும். எனவே கோடை உழவால் கூட்டுப்புழுக்களை வெளிக்கொணர்வதும், மழை பெய்ததும் விளக்குப்பொறி வைப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன. பகலின் நீளத்தை நாட்காட்டியிலிருந்தே முன்னறியலாம். மழையை அவ்வாறு அறிய இயலாது. ஆதலால் இங்கு உழவர் கவனிக்க வேண்டியது முதல் மழையையே.