ரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு? விடை தேடும் கேரளம்

புது தில்லி: கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு மூட்டைகளைச் சுமந்து பிழைக்கும் ஒருவருக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால், மருத்துவரின் சீட்டில் மருந்துக்கு முன்பே பரிசோதனைகளின் பெயர்கள் இடம்பெற்றுவிடுகின்றன. தனியார் ஆய்வகத்துக்குச் சென்றால் அன்றைய கூலி மிஞ்சுமா என்பது பணம் கட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் தெரிகிறது.

இதற்காகவே கேரள சட்டப்பேரவை 2018-ல் மருத்துவ நிறுவனங்கள் பதிவு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கட்டணங்களை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அறிவிக்க வேண்டும். அறிவித்ததற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்கிறது அதன் 39-வது பிரிவு. இதை எதிர்த்து தனியார் மருத்துவமனைகள் சங்கமும் இந்திய மருத்துவ சங்கமும் தொடுத்த வழக்கை 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதியும், மேல்முறையீட்டை நவம்பரில் டிவிஷன் பெஞ்சும் தள்ளுபடி செய்தன.

ஆனால், பலகையில் எழுதப்படும் தொகை நியாயமானதுதானா என்பது வேறு கேள்வி. கொரோனா காலம் அதைக் காட்டியது. ஆர்டி-பிசிஆர் பரிசோதனைக் கட்டணத்தை மாநில அரசு 2021 ஏப்ரல் இறுதியில் ரூ. 1,700-லிருந்து ரூ. 500-ஆகக் குறைத்தது. கட்டுப்படியாகாது என ஆய்வகங்கள் நீதிமன்றம் சென்றன. ஆய்வகங்களைக் கலந்து புதிதாக முடிவெடுக்குமாறு கூறி அக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பிறகு 2022 பிப்ரவரியில் அரசு நிர்ணயித்த கட்டணம் ரூ. 300! ஐந்நூறே கட்டாது என்ற வாதத்தை இப்போது நினைத்துப் பார்க்கலாம்.

மத்திய அரசின் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், அரசியல் சாசனத்தின் 252-வது பிரிவின் கீழ் 2010-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதை ஏற்கும் மாநிலங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். மாநிலங்களைக் கலந்து கட்டண வரம்பை நிர்ணயிக்க 2012-ன் விதிகள் வகை செய்தும், அது நடக்கவில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. மாநிலங்கள் ஒத்துழைக்கவில்லை என்பது மத்திய அரசு கூறிய காரணம்.

ஏழை நோயாளிக்கு இதைவிட முக்கியமானது, 2015-ல் தொடங்கிய இலவசப் பரிசோதனைத் திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 63 பரிசோதனைகள் கிடைக்க வேண்டும் என்கின்றன அதன் பிந்தைய வழிகாட்டு நெறிகள். பட்டியலில் இருப்பது வேறு. அன்று காலை ரசாயனமும் ஆய்வக நுட்புநரும் இருப்பது வேறு. இரண்டில் ஒன்று இல்லாத நாளில்தான் சீட்டு தனியார் ஆய்வகத்தின் ஜன்னலுக்குப் போகிறது.