மலைநாட்டு வானில் மென்பச்சை

தென்துருவச் சோதியை நிழற்படத்திற் கண்ட மாணவன், பீதுருதாலகாலை உச்சியில் நின்றால் அது தெரியாதோ என வினவக்கூடும். தெரியாது. 2,524 மீற்றர் உயர்ந்த அச்சிகரத்தில் ஏறினும் நம் அடிவானம் ஏறத்தாழ 180 கிலோமீற்றருக்கே விலகும். சோதியோ பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், தென்துருவத்தைச் சூழ்ந்த வளையத்தில் ஒளிர்வது.

கதிரவனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைத் தாக்க, அங்கு விரைவுபெறும் இலத்திரன்கள் புலக்கோடுகளின் வழியே துருவப் பக்கமாக இறங்குகின்றன. இலங்கை காந்த நடுக்கோட்டை அண்டியது. இங்கு அக்கோடுகள் ஏறத்தாழக் கிடையாகச் செல்வதால் அவை இறங்க வழியில்லை. ஓர் ஊசியைச் சமநிலையில் நூலிற் கட்டிப் பின் காந்தமேற்றினால், அட்டன் வகுப்பறையில் அது பெரிதும் சாயாது. துருவ நாட்டிலோ செங்குத்தாக நிற்க முயலும்.

இலத்திரன் மோதிய ஒட்சிசன் அணு, பெற்ற சக்தியை ஒளியாக உமிழ்கிறது. 100 கிலோமீற்றரளவில் 557.7 நானோமீற்றர் அலைநீளப் பச்சை. 200 கிலோமீற்றருக்கு மேல் 630 நானோமீற்றர் சிவப்பு. சிவப்பை உமிழ ஏறத்தாழ இரண்டு நிமிடம் வேண்டும்; அடர்ந்த கீழ்வளியில் அதற்குள் வேறு துகள் மோதிச் சக்தியைக் கவர்ந்துவிடும். 2024 மே மாதக் காந்தப் புயலின்போது லடாக்கின் ஹன்லே வானாய்வகக் கமராக்கள் வடவானிற் பதிந்ததும் செந்நிறமே.

துருவச் சோதியை முதன்முதல் 1892 இல் நோர்வேயிற் படமெடுத்தவர் மாட்டின் பிரெண்டல். 1910 இல் கார்ல் ஸ்ரோமர் ஈரிடங்களிலிருந்து ஒரே கணத்திற் படமெடுத்து அதன் உயரத்தைக் கணித்தார். மங்கிய ஒளியில் நம் கண் நிறமறியாது. வெண்முகிலெனத் தோன்றும் சோதி, பல விநாடி திறந்திருக்கும் கமராவிற் பச்சையாகும். அது பொய்யன்று; எனினும் எத்தனை விநாடி திறந்ததெனக் குறியாத படம் மாணவரை மயக்கும்.

அப்பச்சை நமக்கும் அந்நியமன்று. பகலிற் கதிரவன் பிளந்த ஒட்சிசன் அணுக்கள் இரவில் மீண்டும் கூடுகையில், ஏறத்தாழ 95 கிலோமீற்றர் உயரத்தில் அதே 557.7 நானோமீற்றர் ஒளி உலகெங்கும் எழுகிறது. வான்மிளிர்வு என்பது அதன் பெயர். மாசி, பங்குனியின் நிலவும் முகிலுமற்ற இரவில், விளக்கொளி படாத தேயிலைச் சரிவிற் கமராவை முக்காலியில் நிறுத்தி, அடிவானத்திற்குச் சற்று மேலே நோக்கி அரை நிமிடம் திறந்து வைத்தால் அது பதியக்கூடும். விஞ்ஞானம் தூரதேசத்தார் உடைமையென்று எண்ணித் தோட்டத்துப் பிள்ளைகள் வளரவேண்டியதில்லை. அவர்தம் லயக் கூரைக்கு மேலும் அவ்வொளி உண்டு. உடனிருந்து காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும்.